தொகுதி அங்கிளின் ஒரு ஓட்டு

அமெரிக்க ஜனநாயகம் இன்றுவரை ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அந்தப் புகழில் பெரும்பங்கு நியூஜெர்சியில் எங்கள் டவுன்ஹவுஸ் வளாகத்தின் கடைசி வீட்டுக்காரருக்குச் சேர வேண்டும். இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லத் தயார். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் தொகுதி அங்கிள்தான்.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதி ஒரு விசித்திரப் பிறவி. கிழக்கே கடல், பலகை பதித்த நடைபாதை, வாசலில் படகு நிறுத்திய வீடுகள். மேற்கே நாங்கள்: நியூயார்க் ரயில், டே-கேர், தோசை மாவு. படகுக்காரர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் டே-கேர்காரர்கள் மறுபக்கம் சாய்வார்கள். ஒவ்வொரு தேர்தலும் மயிரிழையில்தான் முடியும். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த அங்கிளுக்கு இந்த இழுபறி என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

அவரோடு மாலையில் நடக்கப் போனால் வீடுகளே கண்ணில் படாது. ஓட்டுகள்தான் தெரியும்.

"தம்பி, அந்த நீல வீட்டுக்காரர் போன தடவை அந்தப் பக்கமுங்க. நாய் வாங்குனதுல இருந்து மனசு மாறிட்டாரு."

"நாய்க்கும் ஓட்டுக்கும் என்ன அங்கிள் சம்பந்தம்?"

"நாயைக் கூட்டிட்டு டெய்லி வாக்கிங் வர்றாரில்லீங்க? நாலு பேரோட பேசுனா மனுசன் மாறத்தானே செய்வான்?"

ஒரு வளைகாப்பில் பெண்ணா பையனா என்று எல்லோரும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, அங்கிள் அட்சதை தூவி, "எதுவா இருந்தாலும் சரிங்க. பதினெட்டு வருசத்துல நம்ம தொகுதிக்கு ஒரு ஓட்டு" என்று ஆசீர்வதித்தார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் போட்ட வளையல் அத்தனையும் குலுங்கியது.

அவருடைய பிரம்மாஸ்திரம் தாம்பாளம். தேர்தல் நெருங்கியதும் மனைவி சரோஜா ஆன்ட்டியை அழைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு கல்யாணத்துக்கு அழைப்பது போல வீடு வீடாகப் போவார். "செவ்வாய்க்கிழமை தவறாம குடும்பத்தோட வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போகோணுமுங்க." யாருக்கு என்று மட்டும் சொல்லவே மாட்டார். கேட்டால், "அழைக்கறதுதான் நம்ம வேலை. மொய் யாருக்கு எழுதறதுங்கறது அவங்க இஷ்டமுங்க" என்பார்.

படகுக்காரர்களையும் விடவில்லை. அப்படி வெற்றிலை வாங்கிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா மறுநாள் என்னை வழிமறித்து, இதை ஓட்டுப் போடுவதற்கு முன்னால் சாப்பிடுவதா, பின்னால் சாப்பிடுவதா என்று விசாரித்தார். பின்னால் என்று சொல்லிவைத்தேன். பத்தியம் தவறாமல் அப்படியே செய்தாராம்.

இப்படி ஊரையே கிளப்பி அனுப்பியவரிடம் ஒரு சின்னக் குறை இருந்தது. அவருக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு வாங்கிப் பல வருஷமாகியும் குடியுரிமைக்கு அப்ளை பண்ணாமலே இருந்தார். ஆன்ட்டி எப்போதோ வாங்கி ஓட்டும் போட்டுவிட்டார். அங்கிள் மட்டும், "ஊர்ல ஓட்டர் லிஸ்ட்ல இன்னும் பேரு இருக்குதுங்க. அதை எப்படீங்க விடறது?" என்று தட்டிக் கழிப்பார். நாங்களும் கிண்டலடித்துவிட்டு விட்டுவிடுவோம்.

ஒருநாள் எங்கள் வளாகத்துக்கே வேட்பாளர் ஒருவர் வந்தார். அங்கிள் பொன்னாடை போர்த்தினார். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பத்தே நிமிடத்தில் விளக்கினார். வேட்பாளர் அசந்துபோய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஓட்டை நம்பித்தான் சார் இருக்கேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அங்கிள் தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, தமிழிலேயே, "எனக்கு ஓட்டு இல்லீங்க" என்றார். வேட்பாளர் "வண்டர்ஃபுல்!" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆன்ட்டிதான் பேசினார்.

"ஏனுங்க, ஊரையெல்லாம் தாம்பாளம் வெச்சுக் கூப்பிடறீங்க. உங்களை யாரு வந்து கூப்பிடறது?"

அன்றைக்கே அப்ளை பண்ணினார். பரீட்சைக்கு அவர் படித்த வேகத்தில் எங்கள் வளாகமே அமெரிக்க சரித்திரத்தில் தேறியிருக்கும். பாஸ் பண்ணினார். ஆனால் உறுதிமொழி எடுக்க அவரை நூவர்க் நகரத்துக்கு வரச்சொன்ன நாளும், அடுத்து வந்த தேர்தலுக்கு வாக்காளராகப் பதிவு செய்யக் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. அதைத் தவறவிட்டால் அதற்கும் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான்தான் காரை ஓட்டினேன். கொட்டும் மழை, பார்க்வே நெடுஞ்சாலை முழுக்க டிராஃபிக். அங்கிள் வெள்ளை வேட்டி, அதன்மேல் கனமான ஜாக்கெட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து எல்லை காத்தார்.

"தம்பி, இது நம்ம தொகுதி இல்லீங்க. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, வேகமாப் போங்க."

போய்ச் சேர்ந்தோம். வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார். வெளியே வந்ததும் புதுக் குடிமக்களைப் பதிவு செய்ய மேஜை போட்டிருந்தார்கள். அதை நோக்கி அவர் ஓடிய ஓட்டத்துக்கு, வேட்டியோடே ஒலிம்பிக்கில் ஓடலாம்.

தேர்தலன்று காலையில் என் வீட்டு மணி அடித்தது. இந்த முறை தாம்பாளம் இல்லை. அவர் மட்டும் நின்றார். "வாங்க தம்பி, நாம ஓட்டுப் போடப் போலாம்" என்றார். அந்த 'நாம'வை அவர் அழுத்திச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குச்சாவடி. அங்கிள் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பதறி, விரலில் அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"அங்கிள், இங்கே மை வைக்க மாட்டாங்க."

"மை வெக்காம எப்படீங்க உள்ள போறது?"

எங்கள் ஊர் வழக்கத்தை நான் அந்த அம்மாளுக்கு விளக்கினேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். ஓட்டுப் போட்டவர்கள் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, நீட்டிய விரலில் பதமாகச் சுற்றிவிட்டார். அங்கிள் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு அந்த விரலை உயர்த்திப் பிடித்தபடியே மெஷினை நோக்கி நடந்தார். யாருக்குப் போட்டார் என்று ஆன்ட்டிக்கே தெரியாது.

இப்போது அவர்கள் டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில், மகள் வீட்டோடு இருக்கிறார்கள். "இங்க போட்டியே இல்லீங்க தம்பி, சப்புனு இருக்குது" என்று குறைப்பட்டுக்கொள்வார். ஆனாலும் தேர்தல் செவ்வாய் விடிந்தால் முதல் போன் அவருடையதுதான்: "போட்டாச்சுங்களா?"

நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஸ்டிக்கரை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.