மகசீருக்கு நான் விட்ட தண்ணீர்

நான் மீன் டாக்டர். மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவன் என்று அர்த்தம். (டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்களில் பாதிப் பேர் நான் மீனுக்கு ஊசி போடுகிறவன் என்றே நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை, கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.) அப்பேர்ப்பட்ட நான் ஒரு மத்தியான நேரத்தில், பெரிய பெரிய அதிகாரிகள் கைதட்டிக்கொண்டிருக்க, நாற்பது மீன்களைப் பத்தே நிமிஷத்தில் கொன்றிருக்கிறேன். மீன்காரர்கள்கூட இவ்வளவு வேகமாகச் செய்யமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தூத்துக்குடியில் கடலைப் பார்த்துக்கொண்டே மீன்வளம் படித்துவிட்டு, கடல் என்றால் படத்தில் பார்க்கிற டில்லியில் போய் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்னிடம் கொடுத்த வேலை, இமயமலை அடிவாரத்தில் ஒரு பழங்குடி கிராமத்துக்கு அவர்களுடைய மீனைத் திரும்பக் கொண்டுவருவது. மகசீர் என்ற மீன் முட்டையிட வேண்டுமென்றால் ஆற்றை எதிர்த்து மேலே போகும். கிராமத்துக்குக் கீழே பாசனத்துக்காக யாரோ ஒரு தடுப்பணை கட்டிவிட்டார்கள். அதோடு மேலே மீன் வரத்து நின்றது. அந்த ஜனங்களுக்கு மீன்தான் கறி, மீன்தான் மருந்து, கல்யாணத்தில் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் சீரும் மீன்தான். அணையின் ஓரமாகப் படிக்கட்டு மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் மீன் ஏறிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அவ்வளவுதானுக்கு டில்லியில் ஒரு கமிட்டி சம்மதிக்க வேண்டும். நான் மூன்று அறிக்கை எழுதினேன், மூன்றும் திரும்பி வந்தன. கமிட்டித் தலைவர் கேட்டது ஒரே கேள்வி. "மீன் படி ஏறுமா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நேரிலேயே காட்டுகிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வயசு.)

ஆபீஸ் முற்றத்தில் தகரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் செய்தேன். பன்னிரண்டு படி, அடியில் ஒரு தொட்டி, தண்ணீரை மேலே தூக்கிவிட ஒரு மோட்டார். மீன் வேண்டுமென்று கிராமத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மங்கலும் அவர் மனைவி ராம்கலியும் கொண்டுவந்தார்கள். அணைக்குக் கீழே பிடித்த விரல் நீளக் குஞ்சுகள் நாற்பது, ஒரு தகர டிரம்மில். பஸ், அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு பஸ், மொத்தம் இரண்டு நாள். மீனுக்கு மூச்சு முட்டக்கூடாதென்று ராம்கலி வழியெல்லாம் டிரம்முக்குள் கையை விட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டே வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

டிரம் எங்கள் குளியலறையில் குடியேறியது. எட்டு வயது மகள் ஷைனி ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். என் மனைவி ரெஜினா நர்ஸ். அவள் மட்டும், "ஏங்க, நாம குளிக்கிறது எப்போ?" என்று கேட்டாள். "நாட்டுக்காக ரெண்டு நாள் குளிக்காம இருக்கமுடியாதா?" என்றேன்.

"நாடு ஒங்க பக்கத்துல உக்காந்து பாக்கட்டும், அப்புறம் தெரியும்."

கூட்டம் மூன்று மணிக்கு. முந்தின நாளே தொட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, வெயிலில் திறந்து வைத்து, மருந்தும் போட்டிருந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீனுக்கு அது எமன் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். காலையில் ஆபீஸ் போய்ப் பார்த்தால் தொட்டி பளபளவென்று காலியாக இருந்தது. பெரிய சாப்கள் வருகிறார்கள் என்று துப்புரவு ஆட்கள் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு வேறு போட்டிருந்தார்கள். குழாயில் அன்றைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. போன் மேல் போன் போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தண்ணீர் லாரி வந்தது. "பையா, ஜல்தி, ஜல்தி" என்று கத்தி ரொப்பினேன்.

பிறகு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். மோட்டாரைப் பார்த்தேன். டையைக்கூடச் சரிபார்த்தேன். குளோரினை மட்டும் பார்க்கவில்லை. மூளை எங்கே போயிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலை ட்யூட்டி முடிந்து ரெஜினா நேராக அங்கே வந்தாள். தொட்டிப் பக்கம் வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, எங்க வார்டுல தரை தொடைக்கிற வாசன அடிக்குதே?"

"ஒன் சேலையில அடிக்கும். போய் ஒக்காரு, இது சயின்ஸ்" என்றேன். (இந்த ஒரு வரிக்காக நான் அனுபவித்தது கொஞ்சமல்ல.)

கமிட்டி வந்தது. டீ குடித்தது. "ஒரு மீனின் வாழ்க்கையே அது இருக்கும் தண்ணீர்தான்" என்று நான் கால்மணி நேரம் பேசினேன். மங்கல் டிரம்மைச் சாய்த்தார்.

இரண்டு நிமிஷத்தில் அந்த அதிசயம் நடந்தது. மீன்கள் துள்ளின. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி! ஒன்று தகரத்தைத் தாண்டித் தலைவரின் பூட்ஸ் மேலேயே விழுந்தது. "சட் ரஹீ ஹை! ஏறுகிறது, ஏறுகிறது!" என்று கமிட்டி மொத்தமும் சின்னப் பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்று கைதட்டியது. "பார்த்தீர்களா சார், அதன் ரத்தத்திலேயே இருக்கிறது!" என்று நானும் கத்தினேன். அவை ஏறவில்லை. எரிச்சல் தாங்காமல் அந்தத் தண்ணீரைவிட்டு வெளியே ஓடப் பார்த்தன.

ராம்கலி மட்டும் கைதட்டவில்லை. அவர் தொட்டியருகே போய்க் குனிந்தபோது முதல் மீன் வயிற்றை மேலே காட்டியது. அப்புறம் ஒவ்வொன்றாக. அவர் கையை விட்டு அளைந்து பார்த்தார், பலனில்லை. எனக்கு அப்போதுதான் அந்தக் குளோரின் வாசனை மூக்கில் ஏறியது.

தலைவர் என்னைப் பார்த்தார். "டாக்டர் சாப், இது என்ன?"

ஒரு வார்த்தை போதும். தப்பு என்னுடையது, தண்ணீரைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், ஒரு வாரம் கொடுங்கள். அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் புரிகிற சுத்தமான ஹிந்தியில் சொன்னேன். "பயணக் களைப்பு சார். சரியாகக் கொண்டுவராவிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் அதன் விளைவு தெரியும்."

அப்படி ஒரு விஞ்ஞானம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. கமிட்டி தலையாட்டியது. ரெஜினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராம்கலி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம்கூடத் தாங்காத மீனுக்காக அணையில் கை வைக்கலாமா?" என்றார் தலைவர். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் நடக்கவேயில்லை.

மறுநாள் அவர்களை பஸ் ஏற்றிவிடப் போனேன். மங்கல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப் கர்னா சாப், மன்னித்துவிடுங்கள், எங்களால் உங்களுக்குத் தலைகுனிவு" என்றார். பரவாயில்லை என்றேன் நான். பாவி, பரவாயில்லை என்றேன்!

வீட்டில் இந்தக் கதை பெரிய ஹிட். யார் வந்தாலும் ஷைனி எழுந்து துள்ளிக் காட்டுவாள், பூட்ஸில் விழுவாள், செத்துக் காட்டுவாள். ரெஜினா என் குரலில், "போய் ஒக்காரு, இது சயின்ஸ்" என்பாள். பயணக் களைப்பு பற்றி அவள் மூச்சு விடமாட்டாள். என் மானத்தை அவள் காப்பாற்றினாள். கதை எப்போதும் பூட்ஸோடு முடிந்துவிடும்.

ஒரு வருஷம் கழித்து ஒரு கடுதாசி வந்தது. கிராமத்து வாத்தியார் கையெழுத்தில் மங்கல் எழுதியிருந்தார். அவரும் ராம்கலியும் மீனைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகுகிறார்களாம். முதலில் பக்கத்துச் சந்தை வரை, அப்புறம் ரயிலடி வரை, போய்த் திரும்பி வந்து, குஞ்சுகளை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களாம். இப்போது நாலு நாள் ஆனாலும் ஒன்றுகூடச் சாவதில்லை. 'இந்த முறை உங்களுக்குக் கெட்ட பெயர் வராது. எப்போது வரலாம் என்று எழுதவும்.'

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். கடைசியில் அனுப்பியது, 'தேதி முடிவானதும் தெரிவிக்கப்படும்.' அதற்குள் திட்டத்தையே மூடிவிட்டார்கள். என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் நான் எழுதவில்லை.

போன வருஷம் ஷைனி கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்காக மறுபடி அந்தக் கதை அரங்கேறியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷைனி துள்ளினாள். மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சும்மா கேட்டார். "அந்த ஆளுங்க பாவம், மீன் ஏன் செத்துச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா மாமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னேன், களைப்பு, கடுதாசி, பதில், எல்லாவற்றையும். ஷைனி நின்ற இடத்திலேயே செருகிய புடவையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

அதற்கப்புறமும் விருந்தாளிகள் வருகிறார்கள், அந்த மீன் கதையைச் சொல்லு என்கிறார்கள். "அது நல்லாருக்காது அங்கிள், வேற சொல்றேன்" என்கிறாள் என் மகள்.