துரையை ஞாயிற்றுக்கிழமைக்குள் அழைத்துப் போகவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உமது அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு உமது அக்காள் நலம், அவளுடைய முழங்கால் வலியும் நலம், நாய் மிக மிக நலம். நலமில்லாதவன் நான் ஒருவனே. அங்கு நீர், உமது மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம், நேரில் வாரும். நான் ஓய்வு பெற்ற அன்று நீர் பரிசாகக் கொண்டுவந்து விட்டுப்போன நாயை, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் உமது கையாலேயே திரும்ப அழைத்துப் போக வேண்டும் என்பதே இக்கடிதத்தின் சாரம். காரணங்களைக் கேளும்.

கொடுக்கும்போது என்ன சொன்னீர்? "அத்தான், இது ரொம்ப தைரியமான நாய், பக்கத்துல இடி விழுந்தாலும் அசையாது" என்றீர். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தாறு வருடம் டிரில் மாஸ்டராக இருந்தவனுக்கு யோசிக்கும் பழக்கம் ஏது? ஆயிரத்திருநூறு பிள்ளைகளை மைக் இல்லாமல் ஒரே குரலில் நிற்க வைத்தவன் நான், ஒரு நாயா எனக்குப் பெரிது என்று மூன்று நாள் ஆலோசித்து 'வீரன்' என்று பெயர் வைத்து, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் "வீரா, வா" என்றேன். அது மேகத்தைப் பார்த்தது. "நில்" என்றேன். படுத்தது. விசிலை எடுத்து ஊதினேன். கீழே தெருவில் பின்பக்கமாக வந்துகொண்டிருந்த லாரி அப்படியே நின்றது, டிரைவர் இறங்கி "யாரையாவது இடிச்சிட்டேனா சார்?" என்று அண்ணாந்து கேட்டார், நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம் ஒரு காலத்தில் படித்தவராம், நான் "உட்கார்" என்று ஒரு சத்தம் போட்டதும் ஈரத் துணி வாளி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காத அந்த மிடுக்கைக் கண்டு உமது அக்காள், "பெரிய துரைன்னு நெனப்பு" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் துரை. எனக்கிருந்த ஒரே ஆறுதல், நேருக்கு நேர் நின்று கால் மணி நேரம் விடாமல் கத்தினால் மட்டும் வந்து என் முன்னால் ஒழுங்காக உட்காரும். தொண்டை இன்னும் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, இது அடங்காத நாய், அடங்குவதற்கு ஏதாவது மருந்து கொடுங்கள் என்று மிருக டாக்டரிடம் போனேன். அவர் துரையின் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். நான் துள்ளினேன், வாசலில் கூடையில் இருந்த பூனை துள்ளியது, துரை மட்டும் சுற்றுகிற மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தது. "சார், இதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது" என்றார். "அப்போ நான் ஒரு மாசமா கத்தினா வந்து உக்காருதே?" என்றேன். "உங்க வாய் அசையுதுல்ல, ஏதோ மென்னுட்டிருக்கீங்கன்னு நினைச்சிருக்கும். மிச்சம் கிடைக்கும்னு வந்து உக்காந்திருக்கும்" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன், அந்தப் பழமொழியே நாலு காலோடு என் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

டாக்டர் சொன்னபடி ஜாடை பழக்கினோம். தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, மூக்குக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் மோப்பம் பிடித்து அதுவாக எழுந்துகொள்ளும். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினால் 'உட்கார்'. தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பதால் 'வா' என்பதற்கு, வகுப்பில் ஆஜர் சொல்கிற மாதிரி வலது கையை நேராக மேலே தூக்குவது என்று நான்தான் முடிவு செய்தேன். வந்தால் ஒரு பிஸ்கட். எனக்குப் பத்து நாள் பிடித்தது. உமது அக்காளுக்கு ஒரே மாலை. எப்படி என்று கேட்டேன். "முப்பது வருஷமா உங்ககிட்ட ஜாடையிலதானே குடும்பம் நடத்துறேன், நீங்க பேசிட்டிருக்கும்போது வேற எப்படிப் பேசுறது?" என்கிறாள். இப்போது ரெண்டு பேரும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பம். உலகத்தில் கையைத் தூக்காத மனுஷன் யார் சொல்லும்? மேல் வீட்டம்மா கொடியில் போர்வை போடக் கையைத் தூக்கினால் துரை மூன்று மாடி ஏறிப் போய் அவர் முன்னால் நிற்கிறார். மொட்டை மாடியில் பதினோரு பேர் காலையில் உடற்பயிற்சி பண்ணுறாங்க, எல்லாரும் ரெண்டு கையையும் தூக்க, இவர் ஒருத்தர் விடாம ஓடி ஓடி மூச்சு வாங்கிப் படுத்துட்டார். போன வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் வாசலில் வாடகைக் காரை நிறுத்தக் கையைக் காட்டியிருக்கிறார். கார் வந்து நின்றது, கதவைத் திறந்தார், அவருக்கு முன்னால் துரை ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார். தலைவருக்கு வந்ததே கோபம், நேராக விதி ஒன்பதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது என்ன விதி என்கிறீரா? 'இக்கட்டடத்தில் எவரும் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்ளலாகாது.' எழுதியது யார்? சங்கச் செயலாளர். செயலாளர் யார்? நான்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் பூனை என் செருப்பில் படுத்தது என்று ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினேன். அந்தம்மா பூனையைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து ஒரு வாரம் தையல் மெஷினே மிதிக்கவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பது நாலாம் வகுப்புப் பாடம், நமக்கு அறுபதில் புரிகிறது.

நேற்று மாலை பொதுக்கூட்டம். குற்றவாளியும் ஆஜராக வேண்டும் என்று தலைவர் சொன்னதால் உமது அக்காள் துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். தலைவர் அரை மணி நேரம் பேசினார். அவர் ஏதோ மெல்லுகிறார் என்று துரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "நாயை வெளியே அனுப்பணும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். இருபத்திரண்டு பேரில் இருபது கை மேலே போச்சு. தூக்காத ரெண்டு பேர், உமது அக்காள் ஒருத்தி, இன்னொருத்தர் அந்தத் தையல்காரம்மா. மடியில கைய வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டிருந்தாங்க. என் கையா? எல்லாரையும் விட உயரமா இருந்துச்சு மைத்துனரே. விதி எழுதினவன் நான், நானே தூக்கலைன்னா நாளைக்கு எந்த மூஞ்சியோட அந்தம்மாவைப் பாக்குறது?

கயிறு எப்படி நழுவியது என்று உமது அக்காளிடம்தான் கேட்க வேண்டும். துரை நடுக் கூடத்தில் வந்து நின்று சுற்றிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அதை இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டதில்லை. வால் ஆடுற வேகத்துல உடம்பே ஆடுது. எந்தக் கைக்குப் போறதுன்னு தெரியாம ரெண்டு தடவை சுத்துச்சு. தலைவர் கையைத் தாண்டி, மேல் வீட்டம்மா கையைத் தாண்டி, அந்தக் கூட்டத்துல பின்னாடி நின்ன என் கையைக் கண்டுபிடிச்சு நேரா ஓடி வந்து என் கால் மேல உக்காந்து அண்ணாந்து பாத்துது, நான் கூப்பிட்டேன்னு. சுற்றிலும் ஒவ்வொரு கையாக இறங்கியது. தலைவர் "எண்ண எண்ணக் குறையுதே, அசையாம இருங்க" என்று கத்துகிறார். கடைசியில் என் கை ஒன்றுதான் மேலே. உத்தரவில்லாமல் இறக்கிப் பழக்கமில்லாத கை. அப்போது கடைசி வரிசையில் உமது அக்காள் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. தீர்மானம் தோற்றுப்போனது. ஆயிரத்திருநூறு பேரை உட்கார வைத்தவனை ஊர் பார்க்க நாய் ஜாடையில் உட்கார வைத்த பிறகு எனக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை இருக்கிறது? ஆகையால் துரை இருக்கட்டும் என்று சங்கம் சொன்னாலும் நான் சொல்லவில்லை. ஞாயிறு காலை எட்டு மணி, ஒரு நிமிடம் தாமதிக்காமல் வந்து அழைத்துப் போகவும்.

உமது குடும்பம் நோய் நொடியின்றி நீடூழி வாழவும், பிள்ளைகள் பெரியோர் சொல்லைக் கேட்டு வளரவும், கேட்காவிட்டால் பார்த்தாவது வளரவும் ஆசீர்வதிக்கும்,

உமது அத்தான்,
டிரில் மாஸ்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: எதை எழுதினாலும் ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது என் வழக்கம் என்பது உமக்குத் தெரியும். இதையும் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் வாயைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தது துரை ஒருவர்தான். முப்பத்தாறு வருஷத்தில் என் பேச்சை யாரும் இத்தனை நேரம் அசையாமல் கவனித்ததில்லை. பிஸ்கட் கொடுத்துவிட்டேன். விதி ஒன்பதையும் அடித்தாயிற்று, பூனையைக் கூட்டி வரச்சொல்லித் தையல்காரம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மா மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்போதே தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனவே ஞாயிற்றுக்கிழமை நீர் வர வேண்டாம். சாப்பிட மட்டும் வருவதென்றால் வாரும். கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை, நான் பேசிக்கொண்டிருப்பேன். ஜன்னல் பக்கம் நின்று வலது கையை நேராகத் தூக்கும். துரை வருவார். பின்னாலேயே நானும் வருவேன்.