பெரிய பங்களாவுக்கு முன்வாசல் வழியாக

தெரணியகலை
29.12.2003

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் விஜேந்திரன் அவர்களுக்கு,

தெரணியகலை பஜாரிலிருந்து நாகலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உங்க அக்கா அன்னலட்சுமியும் மகள் ராகினியும் மழையோடும் அட்டைக்கடியோடும் நலம். எம்பிலிப்பிட்டிய வெயிலில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் கருகாமல் நலமாயிருக்க அம்மாளை வேண்டுகிறேன்.

போன டிசம்பரில் நீங்கள் குடும்பத்தோடு நுவரெலியா போய், கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூந்தோட்டத்தில் நின்ற படத்தை எங்களுக்கு அனுப்பி, பின்பக்கத்தில் ‘குளிர்கால விடுமுறை’ என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தெரணியகலை ஆட்களுக்குக் கல்யாண வீடும் சாவு வீடும்தான் பயணம், விடுமுறை என்றால் என்னவென்று தெரியாது என்று உங்க அக்காவிடம் போனில் சொன்னதாகக் கேள்வி. மச்சான், அந்தப் பேச்சு எனக்கு ஒரு வருசமாகத் தொண்டையில் நின்றது. அது இன்றைக்குத்தான் இறங்கியது. நாங்களும் குளிர்கால விடுமுறை போய் வந்துவிட்டோம். எங்கே என்று கேட்டால் நீங்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நம்ம தோட்டத்தின் மேல் மலைப் பிரிவு, மேக்கணக்கில் இருக்கிற பெரிய துரை பங்களாவுக்கு. வேலைக்கு இல்லை, விருந்தாளியாக.

தோட்டத்துக் கம்பெனி அந்தப் பங்களாவை இப்போது சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது என்று பேப்பரில் பார்த்தேன். உடனே கடையைப் பூட்டிவிட்டு, ராகினியைக் கூட்டிக்கொண்டு காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிகேஷன் கடைக்குப் போய்க் கொழும்பு ஒப்பிசுக்குப் போன் போட்டோம். அந்தப் பக்கம் பேசியவர் இங்கிலீஷில் பேச, ராகினி இங்கிலீஷில் பதில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தமிழில் எடுத்துக் கொடுக்க, கூண்டுக்கு வெளியே நின்ற கூட்டமெல்லாம் வேடிக்கை பார்த்தது. என்ன தொழில் என்று கேட்டாராம், ஹாட்வெயார் முதலாளி என்று சொல்லச் சொன்னேன். முன்பு அந்தப் பங்களாவுக்கு வந்ததுண்டா என்று கேட்டாராம். அதற்கு நான், மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்கும் அந்தப் பங்களாவுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லச் சொன்னேன். அதில் பொய் ஒரு சொல் உண்டா, மச்சான்? என் தாத்தா அங்கே விறகு போட்டார், அப்பா புல் வெட்டினார், உங்க அக்கா கல்யாணம் வரைக்கும் அந்தப் பங்களாவுக்குக் கீழ் மலையில்தான் கொழுந்து பறித்தாள். ஆனால் அந்த மனுசன் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பழைய துரைமாருக்கு வேண்டிய பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள், கவனமாக இருக்கவும் என்று பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிற அப்புவுக்குத் தகவல் போய்விட்டது.

புறப்படுகிற அன்று உங்க அக்கா அரிசி, தேங்காய், கருவாடு, மிளகாய்த்தூள், அதற்கு மேல் ஒரு அம்மிக்குழவியும் கட்டி வைத்திருந்தாள். அங்கே சமைத்துத் தர ஆள் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் குழவியை மட்டும் விட மறுத்துவிட்டாள். நான் இரத்தினபுரியில் வாங்கிய ஸ்வெட்டரை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். வேன் நம்ம ஜுனைதீனுடையது. அவர் பாதி வழியில் என்னைத் திரும்பிப் பார்த்து, காய்ச்சலா நாகலிங்கம் என்று கேட்டார்.

மேக்கணக்குக்கு ஏறும் வழியில் பாதை இரண்டாகப் பிரியும், உங்களுக்குத் தெரியும். நேரே போனால் இரும்பு கேட், இரண்டு பக்கமும் மரம் நட்ட பாதை, பெயர்ப்பலகை. இடது பக்கம் சேறும் சகதியுமாக ஒரு வழி. எந்தப் பக்கம் என்று ஜுனைதீன் கேட்டார். நான் யோசிக்கவேயில்லை, இடது பக்கம் கையைக் காட்டினேன். உங்க அக்காவும் அந்தப் பக்கம்தான் தலையாட்டினாள். ராகினி மட்டும், போர்டு அந்தப் பக்கம் இருக்கிறதே அப்பா என்றாள். பஜாரில் பிறந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும், இதுதான் பங்களாவுக்கு வழி என்று அதட்டிவிட்டேன். வேன் போய் நின்ற இடம் பங்களாவின் பின்பக்கம், சமையல் நடக்கிற குசினி வாசல்.

குசினிக்குள்ளிருந்து அப்பு செபஸ்தியான் அவசரமாக ஓடி வந்தார். தலை நரைத்த மனுசன், வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உதவிக்கு ஆள் கேட்டிருந்தாராம், நாங்கள்தான் அந்த ஆட்கள் என்று நினைத்துவிட்டார். பெரிய இடத்து விருந்தாளிகள் இப்போதே வந்துவிடுவார்கள் என்று சொல்லி, உங்க அக்கா முன்னால் வெங்காயத்தைக் கொட்டினார். என் கையில் தேங்காய்த் துருவியைக் கொடுத்தார். முன்வாசலுக்குத் தெரியாத இடத்தில் வேனை ஒதுக்கச் சொல்லி ஜுனைதீனை விரட்டினார். நான் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் என்று நினைக்க வேண்டாம். அந்த மனுசன் பேச இடம் கொடுக்கவேயில்லை. உங்க அக்கா பாட்டுக்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து தேங்காய் துருவினேன், நன்றாகவே துருவினேன்.

சமையல் முடிந்தது, மேசையில் தட்டும் பூவும் வைத்தாயிற்று. அப்பு முன்வாசலில் போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடியும் போய் நின்றார். விருந்தாளியைக் காணவில்லை. பிறகு குசினிப் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வரவேற்பு சரியில்லை என்று வந்தவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தால், கம்பெனி தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று எங்களிடமே சொல்லிப் புலம்பினார். இனி வாயைத் திறந்து நான்தான் அந்த விருந்தாளி என்று சொன்னால் அந்த மனுசனுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். ராகினி என் காதில், “அப்பா, அவரு காத்துக்கிட்டு இருக்கிற பெரிய இடத்து நாகலிங்கம் மஹத்தயா நீங்கதான்” என்றாள், எனக்குத் தெரியாததைப் போல.

அப்போதுதான் உங்க அக்கா எழுந்தாள். கையைக் கழுவினாள், சேலையைச் சரிசெய்தாள், எங்களைப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் வேனில் ஏறச் சொன்னாள். “பொறந்ததில இருந்து இந்தப் பங்களாவோட முதுகத்தான் பாத்திருக்கேன். இன்னைக்கி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எனக்குச் சோறு” என்றாள்.

வந்த வழியே இறங்கி, இரும்பு கேட் வழியாக ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறினோம். அப்பு ஓடி வந்து முன்வாசலில் நிமிர்ந்து நின்றார். வேன் கதவைத் திறந்தவர் உள்ளே உங்க அக்காவைப் பார்த்தார். அவர் உரிக்கச் சொன்ன வெங்காயத்தின் வாசம் இன்னும் அவள் கையில் இருந்தது. அந்த மனுசன் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. முன்னேபின்னே பார்த்திராதவர் போலக் குனிந்து, துரைசாணியை அழைக்கிற மாதிரி, “வாங்க நோனா. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?” என்றார். உங்க அக்கா, “சௌகரியந்தாங்க” என்று சொல்லி இறங்கி, முன்படியில் கால் வைத்தாள். மச்சான், நான் பெருமைக்குச் சொல்லவில்லை, என் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு மூன்று நாளும் நாங்கள் இருந்த இருப்பை வாசிக்கவே எம்பிலிப்பிட்டியக்காரருக்கு ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவு குளிர். நான் துரையின் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தேன். காலையில் உங்க அக்கா படுக்கைக்கே தட்டில் தேத்தண்ணி வந்தது. இத்தனை வருசம் கொழுந்து பறித்தவள், சீனி எவ்வளவு என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாள். மூன்று நாளும் அவள் கையில் தண்ணீர் படவில்லை, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதை நீங்கள் எம்பிலிப்பிட்டியவில் உள்ள நம்ம சனங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். முன்படியில் நாங்கள் நிற்கிற படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை, பார்த்தாலே விளங்கும்.

உங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் நிறையட்டும், பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்
நாகலிங்கம்

பி.கு.: ராகினி இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியதில் உங்க அக்கா கோபித்துக்கொண்டாள். அடுப்புப் பக்கம் போகவில்லை என்று எழுதியது பொய்யாம், திருத்தாமல் தபாலில் போடக் கூடாதாம். சரி, திருத்துகிறேன். கடைசி நாள் காலையிலேயே அவள் குசினிக்குள் நுழைந்து, அப்புவின் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டு, எல்லாச் சமையலையும் தானே செய்தாள். சமைத்து முடித்து, அவரைச் சாப்பாட்டு மேசைத் தலைமாட்டு நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாலிபத்திலிருந்து அந்த மேசைக்குத் தட்டு வைக்கிறவர், ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லையாம். மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்க அக்கா விடவில்லை. “நோனா சொன்னா கேக்கணும்ணே. உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள், நான் ரசம் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டார், இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, அந்த நாற்காலியில் உட்காருகிற துரைமார் மாதிரி, உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்றார். அதைக் கேட்டு உங்க அக்கா பட்ட பெருமை, முன்படியில் கால் வைத்தபோதுகூடப் படாத பெருமை.