நான் ஒட்டிய ஸ்டாம்பு மயில்

சுத்தக்காரிகளால் உலகத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யாரும் இதுவரை கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் என் பெயர் மேலேயே இருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் இனம் பிரித்து, அடுக்கி, மூடி போட்டு வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விளாத்திகுளத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. மல்லிப் பெட்டியில் ஒரு மிளகாய் வத்தல் கிடந்தால், திருடனைப் பிடிப்பதுபோல் பிடித்து வெளியே எடுப்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். (அப்பா கடையோடு நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.)

யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அத்தை, பிறகு இவருடைய அண்ணன். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ரங்கூனில் ஒரு அரிசி மண்டியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு பேச்சுவார்த்தை பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே குண்டு விழுந்தபோது காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். நான் வந்த காலத்தில் வேம்பாரில் ஒரு உப்பளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வருவார், திங்கள் காலை போய்விடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதிகம் பேசவும் மாட்டார்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்டாம்பு சேர்க்கிற பழக்கம் இருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். (குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா என்று அப்பா விசாரித்தார். ஸ்டாம்பைப் பற்றி விசாரிக்க யாருக்குத் தோன்றும்?) சேர்த்தாரே தவிர, ஒரு இடத்தில் வைக்கவில்லை. பிஸ்கட் டின்னில் கொஞ்சம், சுருட்டுப் பெட்டியில் கொஞ்சம், பழைய பஞ்சாங்கத்துக்குள் கொஞ்சம். அதிலும் பாதிக்கு மேல் ஸ்டாம்பு தனியாக இல்லை. கவரோடு கவராக, கசங்கி, மை வழிந்து, யார் யாரோ முத்திரை குத்தி, சிலதில் ஓரத்தைக் கிழித்து வேறு காகிதம் ஒட்டி, பார்க்கவே சகிக்காது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என்னங்க, இதுல ஒரு ஒழுங்கும் இல்லியே. இது பர்மாக் கவருங்கிய, அதுக்கடியில கெடக்கது கொழும்புங்கிய, அதுக்கும் அடியில மறுபடியும் பர்மாங்கிய."

"ஏளா, ஒழுங்கு இருக்கு. உனக்குத் தெரியல."

"என்ன ஒழுங்கு?"

"வந்த ஒழுங்கு."

இது ஒரு பதிலா? சரக்கு வந்த வரிசையிலேயே மூட்டையைப் போட்டு வைத்தால் கடை நடத்த முடியுமா? எனக்கு அப்போதே கை துறுதுறுவென்று வந்தது.

நியாயமான காரணமும் ஒன்று இருந்தது. தூத்துக்குடிக் காற்று அப்படி. உப்பு ஜாடியில் காலையில் தண்ணீர் நிற்கும். தீக்குச்சியை வெயிலில் காயவைத்துத்தான் அடுப்புப் பற்றவைக்கவேண்டும். பின்பக்கம் பசையுள்ள ஸ்டாம்புகள் இந்த ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தன. டின்னில் போட்டால் துரு, பெட்டியில் போட்டால் பூச்சி. எப்படி வைப்பது என்று இவருக்கே தெரியவில்லை. மெட்ராஸில் இதற்கென்று ஆல்பம் விற்கிறார்களாம், வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஆபீஸ் மானேஜர் துரை சீமைக்குத் திரும்பப் போவதாக முடிவாயிற்று. அவரும் ஸ்டாம்புப் பைத்தியம். அவரிடம் உபரியாக ஒரு ஆல்பம் இருந்தது, தோல் அட்டை போட்டது, பாதி நிறைந்தது. போவதற்கு முன் அதை ஆபீஸில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். "முதலில் உன் ஸ்டாம்புகளைக் காட்டு, பார்க்கலாம்" என்று இவரிடம் சொல்லியிருந்தார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் ஆபீஸ் வேலையாகக் கொழும்புக்கு ஒரு பயணம் வந்துவிட்டது. திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துரை எங்கள் வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு.

வாசல் தாண்டும்போது இவர் திரும்பிச் சொன்ன வார்த்தை இதுதான்: "ஏளா பாக்கியம், ஸ்டாம்பெல்லாம் ஒழுங்கா எடுத்து வச்சிரு."

பத்திரமாக ஒரே இடத்தில் வை என்று அர்த்தம். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கதை.

முதல் பிரச்சினை, எதை வைத்துப் பிரிப்பது? தேசவாரியாகப் பிரிக்கலாம் என்றால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் இந்தியாவானாலும் பர்மாவானாலும் சிங்கப்பூரானாலும் ஒரே ராஜா, ஒரே மீசையில்லாத முகம். யானை போட்ட ஸ்டாம்பு கொழும்பிலும் இருக்கிறது, பர்மாவிலும் இருக்கிறது. ஒரு பகல் முழுக்க யோசித்தேன். கடைசியில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே பாஷையில் பிரித்தேன். நிறம்.

சிவப்பு ஒரு குவியல், பச்சை ஒரு குவியல், நீலம், ஊதா, காவி. குவியல் போட்டதுமே மனசு குளிர்ந்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்து, "சேலக்கடை மாதிரில்லா இருக்கு!" என்றார்கள். (மாமியாரும் மருமகளும் ஒரே மனசாக ஒரு காரியத்தில் இறங்கினால் அந்த வீட்டு ஆண்கள் உடனே ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.)

கவர்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்புகளை உரித்தேன். ஈரக் கவர்களை அத்தை வெயிலில் காயவைத்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உரித்துக் காயவைத்த ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கினால் ஏதோ உறுத்தியது. ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. சிலதில் ஒரு பல் நீளம், சிலதில் ஒரு பல் குட்டை. தபாலாபீஸில் அவசரத்தில் கிழிக்கிறார்கள், அதுதான் இப்படி என்று நினைத்தேன். துணி தைக்கிற கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக நான்கு பக்கமும் நறுக்கி நேராக்கினேன். நம்புங்கள், ஒன்றைக்கூட விடவில்லை. விரல் கொப்புளித்தது. அத்தை துண்டு துணுக்குகளைக் கூட்டி அள்ளினார்கள்.

பிறகு படம் வரைகிற பெரிய நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தேன். கொஞ்சம் போட்டால் போதும். நான் தாராளமாகப் போட்டேன். முதுகு முழுக்கத் தடவி, ஈரக்காற்று புகாதபடி அழுத்தி ஒட்டினேன். சிவப்புக்கு ஒரு பக்கம், காவிக்கு ஒரு பக்கம். மிச்சம் நின்றது பச்சையும் நீலமும். அவற்றைச் சும்மா வரிசையாக ஒட்ட மனம் வரவில்லை. கையில் கலை இருக்கிறவள் என்ன செய்வாள்? கடைசி இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரு மயில் செய்தேன். கழுத்துக்கு நீலம், தோகைக்குப் பச்சை. தோகை விரிகிற பக்கத்துக்கெல்லாம் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பி ஒட்டியதில் ராஜா பல இடங்களில் தலைகீழாக நின்றார். கண்ணுக்கு ஊதா ஸ்டாம்பு ஒன்றை வட்டமாக வெட்டினேன். சரியாக ராஜாவின் தலை மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் தாமதம். கரைக்கு வந்த லாஞ்சுப் படகிலிருந்து இறங்கிய இவரைத் துரை தம்முடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். பெரியத்தான் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். தட்டில் முந்திரி மக்ரூன் வைத்தேன். இவர் என்னிடம் கண்ணாலேயே டின் எங்கே என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே நோட்டைக் கொண்டுபோய்த் துரையின் மடியில் வைத்தேன்.

துரை முதல் பக்கத்தைத் திறந்தார். இவர் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்டாம்பின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். அடுத்ததிலும் ஓட்டினார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவர்போல இருந்தது முகம். துரை பக்கங்களைத் திருப்பினார். துத்தம் ஊறி வெள்ளையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கடைசியில் மயில் வந்தது.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். மயிலின் கண்ணையே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். இவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். மூலையில் நின்ற பெரியத்தானுக்குப் புரையேறிவிட்டது. கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் இருமினார்.

"என்ன கேக்காரு?" என்றேன் நான், ஆவல் தாங்காமல்.

இவர் என்னைப் பார்த்தார். "ரொம்பப் பொறுமைசாலியா இருக்கியேன்னு கேக்காரு" என்றார்.

எனக்குப் பூரிப்பில் கால் தரையில் பாவவில்லை. துரைக்கு இன்னும் இரண்டு மக்ரூன் வைத்தேன்.

கார் போனதும் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"கவரெல்லாம் எங்க?"

"எந்தக் கவரு? அழுக்குக் கவரா? அத்த அடுப்புக்கு எடுத்துட்டாவ."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அந்தக் கவர்களில் பாதி பெரியத்தான் ரங்கூனிலிருந்து எழுதியவை. மாதம் ஒன்று வந்தது. யுத்தம் வந்ததும் சர்க்காரில் பிரித்துப் படித்துக் காகிதம் ஒட்டி அனுப்பினார்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு ஒன்றுமே இல்லை. கடைசியாகக் கல்கத்தாவிலிருந்து ஒரு கவர், வேறு யாருடைய கையெழுத்திலோ, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று. அந்த வரிசைப்படித்தான் அடுக்கியிருந்தாராம். கவர் வராத மாதங்களில் பழைய கவர்களை எடுத்து வரிசை பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாராம்.

வந்த ஒழுங்கு என்று அவர் சொன்னது அதைத்தான். எனக்கு அவை எல்லாம் சிவப்பு.

நான் அழ ஆரம்பித்தேன். பெரியத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே, ஆளே வந்து முன்னால நிக்குதேன். கவரு எதுக்குலே?" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு வந்து அவர் பேசிக் கேட்ட மிக நீளமான பேச்சு அது. இவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, நோட்டை எடுத்து மயில் பக்கத்தை விரித்து, "ஏளா, மூக்கு எங்க? மூக்கே வைக்கலியே?" என்று கேட்டார். பச்சையும் நீலமும் தீர்ந்துபோய்விட்டது என்றேன் அழுதுகொண்டே. அதற்குச் சிரிக்க ஆரம்பித்த இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. கடைசியில் அத்தை வந்து சத்தம் போட்டார்கள்.

துரையின் ஆல்பம் வேறு யாருக்கோ போயிற்று. எங்களுக்கு அவரிடமிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே ஸ்டாம்பை நோகாமல் ஒட்டுகிற மெல்லிய தாள் துண்டுகளும் ஒரு சிறு இடுக்கியும். (இடுக்கி மீன் முள் எடுக்க எவ்வளவு வசதி! இவர் பார்த்துப் பிடுங்கி வைக்கும்வரை அதற்குத்தான் ஆயிற்று.) ஸ்டாம்புக்குப் பல்தான் உயிர் என்று அன்றுதான் இவரிடம் படித்தேன். மறுபடி முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினோம். இவர் தேதியும் அனுப்பியவர் பெயரும் சொல்வார், நான் எண்ணெய்த்தாளில் உறை மடித்து அதன்மேல் தமிழில் எழுதி, அரிசிக் குதிருக்கு மேலே ஈரம் ஏறாத பரணில் அடுக்குவேன். ஒழுங்கு அவருடையது, அடுக்கு என்னுடையது. ராஜா தலை இல்லாத முதல் இந்திய ஸ்டாம்பு வந்தபோது, அதை எந்த உறையில் வைப்பது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். புது உறை மடித்தோம்.

வருஷங்கள் கழித்து எங்கள் மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் ஸ்டாம்பு சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். "ஏளா, பல்ல வெட்டாத!" என்று நான் போட்ட கூச்சலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியத்தானுக்கு மறுபடியும் புரையேறியது. தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியவர், இத்தனை காலம் வைத்திருந்ததை அன்று சொல்லிவிட்டார்.

அன்று துரை கேட்டது பொறுமையைப் பற்றியே அல்ல. "இதைச் செய்த குழந்தைக்கு என்ன வயது?" என்றுதான் கேட்டாராம். அதற்கு இவர் முகத்தைச் சுளிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை, "பத்தொன்பது."

நான் இவர் பக்கம் திரும்பினேன். அவ்வளவு நாளும் துரை புகழ்ந்தார், துரை புகழ்ந்தார் என்று விளாத்திகுளம்வரை சொல்லி வைத்திருந்தேன்.

"வேற என்ன சொல்லச் சொல்லுத? உள்ள வயசத்தான சொன்னேன்" என்றார் இவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு வயது ஏறவில்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டால், பஸ் மாறி ஏறி ஆழ்வார்திருநகரியில் போய் இறங்கினால், யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "குழந்தைக்கு என்ன வயசு?" மருமகன்கள்கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். போன வாரம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடினேன். பரண்வரை பார்த்தாயிற்று. இவரிடம் வந்து, "என்னங்க, என் கண்ணாடியப் பாத்தீங்களா?" என்றேன்.

இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"பத்தொம்பது" என்றார்.