பரிசத்துக்குப் போன துரை ஜீப்

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தச் சின்ன விஷயத்தை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. ஒரு ஜீப் சாகவும், ஒரு பரிசம் நின்றுபோகப் பார்க்கவும் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் இலங்கை மலையகத்தின் ஹற்றனில் விஞ்ஞான ஆசிரியர். (விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு ஸ்பானர் பிடிக்கவும் தானாகவே வரும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.) அந்தச் சமயத்தில் தேயிலைத் தோட்டம் ஒன்றை நிர்வகித்த துரை மாற்றலாகிப் போகும்போது தன் ஜீப்பை விற்றார். தோல் சீட், கூரையில் கண்ணாடி ஜன்னல், குளிருக்கு ஹீட்டர் என்று ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த வண்டி. மீட்டர் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. அதுவும் மீட்டர் நின்றுபோன நாள் வரைக்கும் ஓடிய கணக்கு. துள்ளிக் குதித்து வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். துரையின் ஜீப் வந்தால் ரோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் நானும் அவர் பக்கத்தில் கானுக்குள் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு ஜீப்பில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பைத்தியம் மாதிரி இருந்தது.

உட்கார வைத்தேன். கூரை ஜன்னல் சரியாக மூடாததால் ஹற்றன் மழையில் அப்பா முன்சீட்டில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பின்பக்கக் கண்ணாடி ஒன்று இறங்கும், ஏறாது. டேஷ்போர்டில் எப்போதும் மூன்று சிவப்பு விளக்குகள் எரியும். கராஜ் வைத்திருந்த நிமல் பாஸிடம் (எங்கள் பக்கம் மெக்கானிக்குகள் எல்லாரும் பாஸ்தான்) அதைக் காட்டினேன்.

"எரியிற லைட்டுக்குப் பயப்பட வேணாம் சேர். அணைஞ்சா மட்டும் வாங்க" என்றார்.

அவரிடம் அடிக்கடி போவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ரிப்பேர் பார்க்கத் தொடங்கினேன். கழற்றியதையெல்லாம் மாட்டிய பிறகும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஆணிகள் மிச்சமாகும். அவற்றை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தேன். டின் நிறைந்துகொண்டே வந்தது, ஜீப் லேசாகிக்கொண்டே வந்தது.

என்னோடு படிப்பித்த சுகந்தி டீச்சரை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கர், அதாவது ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவதிலிருந்து தரம் பிரிப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்டாஃப் குவாட்டர்ஸ் வீட்டுப் பெண்ணை தொழிலாளர் லயத்தில் பிறந்த பையனுக்குக் கொடுப்பது லேசான காரியமில்லை. என் தாய்மாமன் நாலு முறை நடந்து பேசிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்.

"வேன் புடிச்சு வாங்க. தயவுசெஞ்சு அந்த ஜீப்ப கொண்டு வராதீங்க" என்றாள் சுகந்தி.

நிமல் பாஸும் சொன்னார்: "ரேடியேட்டர் ஓட்டை சேர். கொழும்புலேருந்து வேற எடுக்கணும். அது வரைக்கும் மஞ்சத்தூள் கொஞ்சம் போட்டு டவுனுக்குள்ள ஓடுங்க. ஒரு தேக்கரண்டி போதும். தூரம் போக வேணாம்."

பாருங்கள், எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா கோட் போட்டு முன்சீட்டில் ஏறினார். அம்மாவும் மாமாவும் பரிசத் தட்டுகளோடு பின்னால். தோட்டத்து ரோட்டில் நடந்து போனவர்கள் ஜீப்பைக் கண்டதும் ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் ஒதுங்கிய ஒவ்வொரு தடவையும் அப்பா சீட்டிலிருந்து பாதி எழுந்தார்.

"உக்காருங்கப்பா" என்றேன்.

"இல்லடா, பழக்கம்" என்றார்.

நோர்வூட் தாண்டியதும் சூட்டு முள் மேலே போனது. பொனட்டுக்குள்ளிருந்து புகை. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டர் அழுதுகொண்டிருந்தது. கொண்டுவந்த மஞ்சள்தூள் பொட்டலம் காலியாகியிருந்தது. என் கண் பரிசத் தட்டிலிருந்த மஞ்சள் கிழங்கு மேல் போனது.

"தட்டுல கைய வச்சேன்னா பாரு" என்றாள் அம்மா.

பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டேன். "மஞ்சத்தூளு முடிஞ்சி போச்சி சார். தேத்தூளு இருக்கு" என்றார் கடைக்காரர். அவர் சும்மா தன்னிடம் இருப்பதைச் சொன்னார். ஆனால் எனக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியர் விழித்துக்கொண்டார். மஞ்சள்தூள் சுடுதண்ணீரில் ஊறி ஓட்டையை அடைக்கிறது. தேயிலைத் தூளும் ஊறும். மஞ்சளைவிட நன்றாகவே ஊறும். ஆக, தேத்தூள் மேல்.

வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றி, தேத்தூளைக் கொட்டினேன். தேக்கரண்டிக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை, முழுப் பெக்கட்டும்.

"மாப்ள, இது சரியா வருமா?" என்றார் மாமா.

"மாமா, இது விஞ்ஞானம்" என்றேன்.

ஒழுக்கு நின்றது! உண்மையாகவே நின்றது. "படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்" என்றார் அப்பா. அடுத்த பதினைந்து நிமிடங்கள் என் வாழ்க்கையிலேயே பெருமையானவை. பிறகு ஃபெக்டரி ஏற்றம் வந்தது. முள் மறுபடி ஏறியது. வண்டிக்குள் ஒரு வாசம்.

"தேத்தண்ணி வாசம் வருதே" என்றாள் அம்மா.

"ஃபெக்டரி கிட்ட வந்துட்டோம்ல" என்றேன்.

"இன்னக்கி ஞாயித்துக்கெழம. ஃபெக்டரி ஓடாதே" என்றார் மாமா.

டீமேக்கர் வீட்டு வாசலில், அவருடைய சொந்தக்காரர்கள் இருபது பேர் வரவேற்க நின்ற இடத்தில், ஜீப் நின்றது. நின்ற அடுத்த நிமிடம் 'டப்' என்று ஒரு சத்தம். ரேடியேட்டர் குழாய் வெடித்து, ஆவி பறக்கும் செக்கச்சிவந்த சாயத் தண்ணீர் பொனட்டுக்கு அடியிலிருந்து கொட்டி, சரிவில் ஓடி, டீமேக்கர் காலில் போட்டிருந்த சப்பாத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வெந்நீரில் ஊறிப் பருத்த தூள் சின்ன அணைக்கட்டே கட்டி, ரேடியேட்டரின் எல்லாக் குழாயையும் அடைத்திருக்கிறது.

"துரு தண்ணிங்க ஐயா. பழைய வண்டி" என்றேன் அவசரமாக.

டீமேக்கர் குனிந்து, சப்பாத்தில் ஒட்டியிருந்த ஈரத் தூளை இரண்டு விரலால் எடுத்தார். தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். முப்பது வருடமாகத் தினமும் காலையில் அவர் செய்கிற வேலை அது.

"துருவுக்கு இந்த வாசம் வராதுங்களே மாஸ்டர். யாரு போட்டது?"

நிமல் பாஸ் மேல் பழி போட்டிருக்கலாம். அவர் ஹற்றனில் இருந்தார், மறுக்க வரமாட்டார். ஆனால் ஜன்னல் சீலைக்குப் பின்னால் சுகந்தி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெக்கட் தேத்தூளில் இவளை இழக்கப் போகிறேனே என்று நினைத்தேன். பொய் சொல்லியும் இழந்தால் அதைவிடக் கேவலம் என்று பட்டது.

"நான்தாங்க ஐயா. துருன்னு சொன்னது பொய்."

"எவ்வளவு?"

"ஒரு பெக்கட்."

"நோர்வூட் தாண்டி இருக்கே, அந்தப் பெட்டிக்கடையிலயா?"

"ஆமாங்க."

"கலப்படம்" என்றார். "நம்ம தூளுக்கு இவ்வளவு சாயம் எறங்காது."

திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். மணி பத்தேகால். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"உள்ள வாங்க, நேரம் போவுது. தட்டு மாத்துறதுக்கு முன்னால சபையில ஒரு விசயம் சொல்லணும்."

பரிசத்தில் சபை நடுவே ஒத்துக்கொண்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். டீமேக்கர் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணக் குடுக்குறதுக்கு எங்களுக்குச் சம்மதம். ஆனா மாப்பிள்ள இனிமே எந்த மெசினையும் கையால தொடக்கூடாது. ஒத்துக்கிறீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "சம்மதம்ங்க."

திரும்பும்போது தோட்டத்துக் கொழுந்து லொறியில்தான் வந்தோம். முன்னால் ஏறச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, அப்பா பின்னால் கோட்டோடு கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஜீப்பில் ஒரு நாளும் அப்படிச் சௌகரியமாக அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜீப்பை நிமல் பாஸ் பிறகு வந்து இழுத்துப் போனார். எஞ்சினைப் பிரித்தபோது கராஜ் முழுக்கத் தேநீர் வாசம் வந்ததாம்.

நான் வாக்கு மாறவில்லை. வீட்டில் பல்ப் மாற்றுவதும் ஃபேன் துடைப்பதும் இன்றுவரை சுகந்திதான்.

போன மாதம் எங்கள் மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பளபளவென்று ஒரு காரில் வந்து இறங்கினார்கள். வரவேற்க ஓடிய என்னை என் மாமனார், அந்தப் பழைய டீமேக்கர், கையைப் பிடித்து நிறுத்தினார். எண்பதைத் தொட்டுவிட்டார், நடைக்குக் கம்பு வேண்டும். காரிடம் போய்ப் பொனட்டைத் திறக்கச் சொன்னார். வண்டி ஆறும்வரை அத்தனை பேரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றச் சொல்லிக் குனிந்து, நிதானமாக மோந்து பார்த்தார்.

"வெறும் தண்ணிதான்" என்றார். "உள்ள வரச் சொல்லுங்க."