ஒரு மணித்தியால லொறி

கொண்டை ஊசி வளைவில் லொறி பாதி திரும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்துவிட்டது.

"எப்படிப்பா ஓடுது?" என்றாள் மகள் ஷெரோமி.

"அருமையா ஓடுதும்மா!" என்று லியனார்ட் லெப்டொப்பை அவசரமாக மூடினார்.

முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சராகிவிட்ட மகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லொறி ஓட்டும் கேம் போட்ட லெப்டொப்பை ஹட்டனில் வாங்கித் தந்தாள், 2008இல். சின்னத் திரை என்றால் பெட்டரி அஞ்சு மணித்தியாலம் நிற்கும், பெரிய திரை பெட்டரியைக் குடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியும், "அப்பா கண்ணுக்குப் பெரிசுதான்" என்றுவிட்டாளாம். எந்த அப்பனுக்குக் கிடைக்கும் இப்படியொரு பிள்ளை! பெட்டரி ஒரே மணித்தியாலத்தில் உயிரை விடுகிறது என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தோட்டத்து லயத்து வீடுகளில் கரண்ட் கிடையாது. தினமும் காலையில் மாதா கோயிலில்தான் சார்ஜ். ஞாயிறன்று இரண்டாம் தடவையும் போய், கிடைத்த பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். அது மைக்கின் பிளக். பாதரின் பிரசங்கம் முன்வரிசையோடு நின்றுபோனது.

அடுத்து டிரக்டர் ஓட்டும் சின்னத்தம்பியைப் பிடித்தார்.

"தம்பி, டிரக்டர் பெட்டரிய அந்திக்கு மட்டும் குடேன்."

"காலையில திருப்பிடுவீங்களாண்ணே?"

"பொழுது விடியமுன்ன!"

சொன்னபடி திருப்பினார். அதில் உயிர்தான் இல்லை. டிரக்டர் கிளம்பாமல் கொழுந்து மூட்டைகள் மழையில் நனைய, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா குதித்தார்.

"பெட்டரிய வடிச்சது யாருடா?"

சின்னத்தம்பி லியனார்டைப் பார்த்தான். லயமே பார்த்தது. பள்ளிக்கூடம் விடுவதற்குள் மகள் காதுக்கும் போய்விடும். லியனார்ட் லெப்டொப்போடு ஹட்டன் பஸ்ஸில் பாய்ந்து ஏறினார்.

"முதலாளி, நல்ல பெட்டரி ஒன்னு போட்டுத் தாங்க. எம்புள்ளைக்குத் தெரியக்கூடாது, மனசு ஒடிஞ்சு போயிரும்."

யாழ்ப்பாணத்துக்காரரான கடைக்காரர் குணரத்தினம் மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே புத்தம் புதுப் பெட்டரி ஒன்று. அதன்மேல் 'லியனார்ட்' என்று தாள் ஒட்டியிருந்தது.

"மூண்டு மணித்தியாலம் நிக்கிற உங்கட பெட்டரி இதுதான் ஐயா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல பாத்தா கண்ணுக்குக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவராம், அதுதான் பழசொண்டைப் போடச் சொன்னவ உங்கட மகள். 'அப்பாவுக்குத் தெரியக்கூடாது, மனம் நொந்துபோகும்' எண்டு அவவும் இதே இடத்திலதான் நிண்டு சொன்னவ!"