ராஜாவைக் கிளம்பச் சொன்னேன்

அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் ஒருத்தன் முன்னூறு வருஷத்துப் பிரெஞ்சு நாடகத்தை ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். வெறுங்கையோடு தொடங்கி கோத்தகிரியில் ஒரு ஹார்டுவேர் கடையும் மூணு லாரியும் உண்டாக்கினவன் நான். எதைச் செய்தாலும் பெரிசாகத்தான் செய்வேன். கவிழ்த்தாலும் அப்படித்தான்.

என் மருமகள் ஜெசிந்தா புதுச்சேரிப் பெண். இங்கே ஒரு போர்டிங் ஸ்கூலில் பிரெஞ்சு டீச்சர். நாலு வருஷமாக ஒரு பழைய சோக நாடகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தோசை வேகும். இவள் கேஸ் சிலிண்டர் மேல் விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருப்பாள். வரிக்குப் பன்னிரண்டு அசையாம். தோசை கருகும், அசை தப்பாது. (கருகின தோசை என் தட்டுக்குத்தான் வரும்.)

கதை கேட்டேன். எதிரி நாட்டுப் பெண்ணை விரும்பின ஒரே மகனை ராஜா கோபத்தில் எல்லைக்கு அனுப்புகிறார். அங்கே ஆற்றங்கரையில் ஈட்டி பட்டுப் பையன் போய்ச் சேருகிறான்.

"சாகற சீன் தூக்கலா இருக்கோணும் அம்மணி. ரத்தத்துக்கு நம்ம கடையில சிவப்புப் பெயிண்ட் இருக்குது" என்றேன்.

"மேடையில யாரும் சாக மாட்டாங்க மாமா. அஞ்சு அங்கமும் ஒரே ரூம், ஒரே நாள். வெளிய நடந்ததை ஒருத்தன் வந்து சொல்லுவான்."

"சொல்றதுதான் நாடகமா?"

"சொல்றதுதான் நாடகம்."

அங்கேதான் விழுந்தேன். சொல்வது என்றால் இந்த மலையில் என்னை விட்டால் ஆள் யார்? கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் எழவு சொல்லப் போவது நான்தான். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த சனம் நாங்கள். சொந்தபந்தம் சேரம்பாடி வரைக்கும் சிதறிக் கிடந்தது. போன் கிடையாது. நான் போய்ச் சொன்னால் ஒருத்தரும் மயங்கி விழுந்ததில்லை. அவ்வளவு பக்குவம்.

"அந்தச் சேதி சொல்றவன் பார்ட் எனக்குத்தான்" என்று அறிவித்துவிட்டேன். ஜெசிந்தா என் பையனைப் பார்த்தாள். என் பையன் விட்டத்தைப் பார்த்தான்.

உண்மையில் அவளுக்கு அது விளையாட்டில்லை. சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் அம்மா வருவதாக இருந்தது. படிக்கக் கேட்டுப் பார்த்து, இந்தக் காலத்துச் சனத்துக்கு இது எட்டுகிறது என்று தெரிந்தால்தான் புத்தகம் போடுவாராம். நாலு வருஷம் சிலிண்டரில் தட்டினதெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் தொங்கியது.

"மாமா, ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது" என்றாள்.

"நானா மாத்துவேன்?"

என் பங்கு நாலு பக்கம். குன்னூரில் ஒரு ஹாலில் எல்லாரும் தாளைப் பார்த்துப் படிக்கிற நிகழ்ச்சிதான். ஆனால் எழுத்துக் கூட்டி விரல் வைத்துப் படிப்பதை குன்னூர் சனம் பார்ப்பதா? பையனைப் படிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு நாலு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணினேன். ராஜாவாக வாசிக்க இருந்தவர் என் சிநேகிதர், ரிட்டயர்டு வாத்தியார் ஞானமுத்து. அவருக்கு மூட்டுவலி, ஒத்திகைக்கு வரவில்லை. அதனால் மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை ராஜாவாக வைத்துச் சொல்லிப் பழகினேன். "மன்னவா, உன் மகன் மாண்டான்!" என்றால் எதிர்மலையில் தேயிலை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"தொட்டி வெடிச்சுடப் போகுதுங்க" என்றாள் என் சம்சாரம்.

கூட்டம் சேர்ப்பதும் என் பொறுப்பு. பழைய எஸ்டேட் சனம் நாற்பது பேரை வேன் வைத்துக் குன்னூர் ஹாலுக்குக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஆளுக்கு இரண்டு வர்க்கி, சுடச்சுட டீ.

முதல் மூணு அங்கம் அருமையாகப் போனது. பதிப்பாளர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவதில் என் முறை. விறுவிறுவென்று மேடையேறினேன், கையில் தாள் இல்லாமல், பட்டு அங்கவஸ்திரத்தோடு.

தலையில் அட்டைக் கிரீடத்தோடு ராஜா எழுந்தார். "என் மகன் எங்கே?" என்றார்.

வாத்தியாருக்கு ஒரே பையன். துபாயில் வேலை. அது எனக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் என்னையே பார்க்கின்றன. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் நான் சொல்லிப் பழகினது தண்ணித் தொட்டிக்கு. தண்ணித் தொட்டிக்கு மகன் கிடையாது.

பெற்றவன் முகத்தைப் பார்த்து மாண்டான் என்று நான் ஆயுசில் சொன்னதில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள். எழவு சொல்வதில் முதல் சட்டமே அதுதான். அங்கவஸ்திரத்தை இழுத்து இழுத்துச் சரிபண்ணினேன்.

"சொல்! என் மகன் எங்கே?"

என் வாய் தானாகத் திறந்தது.

"ஏனுங்க... பையனுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குதுங்க. நீங்க கிளம்பி வாங்க."

முன்வரிசையில் கமலம் அக்கா எழுந்தாள். இருபது வருஷம் என்னோடு கொழுந்து எடுத்தவள். நான் 'சீரியஸ்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது?

"ஐயோ ராசா! கண்ணாலம்கூடக் கட்டலையே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நாற்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டது.

அதோடு விட்டதா? ராஜா கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மப்ளரைச் சுற்றினார். "வண்டி இருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். படியிறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஹாலை விட்டே போய்விட்டார். ("நடிச்சேன்யா" என்று இன்றுவரை சாதிக்கிறார். நடித்தவர் எதற்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார்?) பெண்களும் அழுதுகொண்டே அவர் பின்னால் போனார்கள். அஞ்சு அங்கமும் ஒரே ரூமில் நடக்க வேண்டிய நாடகம், பனியில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

ஹாலில் மிச்சம் பத்துப் பேர். பதிப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த இடம் மூலத்தில் இப்படித்தான் இருக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் புத்தகம் அங்கேயே கைக்கு வந்திருக்கும். நானே தலையாட்டத் தயாராக இருந்தேன். ஜெசிந்தா முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து, "இல்லைங்க. இது எங்க மாமா" என்றாள்.

"அப்போ மூலத்தில் இருக்கிறதை நான் கேட்கணும்."

ஜெசிந்தா மேடையேறினாள். ராஜா நாற்காலி காலி. என்னைக் காட்டி, "மாமா, உட்காருங்க" என்றாள். கிரீடத்தைக்கூட அவளே எடுத்து என் தலையில் வைத்தாள். (கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள்.) பிறகு நேருக்கு நேர் நின்று ஆரம்பித்தாள்.

எனக்கு மனப்பாடமான நாலு பக்கம்தான். ஆனால் அது மனசில் விழுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஈட்டி எங்கே பட்டது, குதிரை எப்படி நின்றது, ஆற்றில் ரத்தம் எந்தப் பக்கம் போனது, கடைசியில் பையன் யார் பேரைச் சொன்னான், ஒன்றையும் ஒளிக்கவில்லை. என் காலத்தில் நான் ஊர் ஊராகப் போய் ஒளித்து வைத்ததையெல்லாம் அந்தப் பெண் என் மடியில் எடுத்து வைத்தாள். அவள் முடித்தபோது என் அங்கவஸ்திரம் நனைந்திருந்தது. பட்டு. இனி உதவாது.

பதிப்பாளர் அம்மா ஜெசிந்தாவிடம் போய், "நாலு பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களையும்தான்" என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்னும் பிடிபடவில்லை.

மருமகள் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கருகாத தோசை வந்தது. அடுத்த வருஷம் புத்தகமும் வந்தது. முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறாள்: 'மாமாவுக்கு, ஒரு வார்த்தைகூட மாற்றாமல்.' அதைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆணி வாங்க வருகிறவர்களும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆனால் வீட்டில் என் மானம் போனது போனதுதான். பால் திரிந்தால் சம்சாரம், "பாலுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது, கிளம்பி வாங்க" என்கிறாள். லாரி பர்லியார் வளைவில் நின்றுபோனால் டிரைவர்கூட அப்படியேதான் போன் பண்ணுகிறான். நானும் செருப்பைத் தேடுகிறேன்.

போன வாரம் சாப்பிடும்போது எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "என் சேதியைச் சொல்லப் போறவன் யாரா இருந்தாலும், சீரியஸ் கீரியஸ்னு பூசி மெழுகக் கூடாது. முகத்தைப் பார்த்து முழுசாச் சொல்லோணும். எனக்கு நாலு பக்கம் பத்தாது. எட்டுப் பக்கம் வேணும். ஜெசிந்தாதான் எழுதோணும்."

ஜெசிந்தா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எழுதறேன் மாமா. நீங்க முதல்ல சீரியஸ் ஆகுங்க."